ஒத்தையாய்த் தூக்க முடியாத வண்டி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி முத்துக்குமாருக்கு அக்கா இந்திராணி எழுதுவது.

இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். அருணாசலப் பிரதேச மலையில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாயா? ரோடு போடுகிற முகாமில் நாளெல்லாம் லாரியைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்தக் கிரீஸ் கையோடு தட்டில் உட்காருவாய் என்று எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உனக்கு வாரத்துக்கு ஒரு தரம்தான் சிக்னல். எனக்கு அதுவும் உதவாது. கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒருவர் தறியில் உட்கார்ந்து மிதிக்கணும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் நாடா தள்ளணும். நானும் உன் மாமாவும் நாள் முழுக்க இரண்டு முழ தூரத்தில் இருக்கிறோம். அவரைப் பற்றி அவர் காதில் விழாமல் பேச இந்த வீட்டில் இடமில்லை.

விஷயம் இதுதான். உன் மாமா மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாராம். சாதாரண வண்டி இல்லை. மலை, சேறு, ஆறு எல்லாம் ஏறி இறங்குகிற அட்வென்ச்சர் பைக். நாற்பத்தொன்பது வயதில்! மொபெட்டைத் தாண்டி எதையும் தொடாதவர். கியர் போடத் தெரியாது. நம் அப்பாவின் பைக்கில் உன்னைப் பின்னால் வைத்து ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டு போன எனக்கே கல்யாணத்துக்குப் பிறகு அது மறந்துவிட்டது. இவருக்கு எதற்கு?

கேட்டால், "எமர்ஜென்சிக்கும்மா. காலையில தெரு முழுக்க பாவு நூலு நீட்டிக்கினு இருக்கிறப்ப ஆம்புலன்ஸ் உள்ள வருமா? பாலாத்துல வெள்ளம் வந்தா மொபெட்டு போவுமா?" என்கிறார். சரி என்று விட்டால், "அப்படியே நாலு ஊர் பாக்கலாம்" என்கிறார். கூட்டம் என்று கருட சேவைக்குக்கூட வெளியே வராத மனுஷர்.

வியாழக்கிழமை தோறும் வண்டி விசாரிக்க வாலாஜாபாத் போகிறார். போகும்போது சலவைச் சட்டை.

நீ வண்டி தெரிந்தவன். இந்த மாதிரி வண்டியை எந்த மாதிரி ஆம்பிளை வாங்குவான்? மறைக்காமல் எழுது. பதிலை என் சிநேகிதி நதியாவின் தையல் கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்,
இந்திராணி

* * *

தவாங் மாவட்டம்
27 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு முத்து வணக்கம்.

நான் சௌக்கியம். கை கழுவித்தான் சாப்பிடுகிறேன். மாமாவும் நீயும் நலமாக இருக்க அந்த ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்தேன். மாமா அட்வென்ச்சர் பைக்கில்! எந்த மாதிரி ஆம்பிளை வாங்குவான் என்று கேட்டாய். இங்கே வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன், பாதிப் பேர் ஆபீஸில் லீவு கிடைக்காமல் மூச்சு முட்டியவர்கள், மீதிப் பேர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். பயப்படாதே, விளையாட்டுக்குச் சொன்னேன்.

வாங்குவதானால் மூன்று விஷயம் பார்க்கச் சொல். தரைக்கும் என்ஜினுக்கும் நடுவே இருநூறு மில்லிமீட்டராவது இடைவெளி இருந்தால்தான் வெள்ளத்தில் உடைந்த ரோட்டில் அடி இடிக்காது. நம் பக்கத்து ரோட்டுக்குக் கம்பிச் சக்கரம் நல்லது, குழியில் விழுந்தால் வளையுமே தவிர உடையாது. எல்லாவற்றுக்கும் மேலே எடை. கீழே விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்த முடியாத வண்டியை வாங்கவே கூடாது. ஆபத்துக்கு என்று வாங்கிய வண்டியே ஆபத்தாகிவிடும்.

மாமாவை எனக்கே எழுதச் சொல்.

அன்புத் தம்பி,
முத்து

* * *

காஞ்சிபுரம்
14 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நதியா கையால் கிடைத்தது. இருமல் என்று எழுதாததால் இருமல் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே ஆடி பிறக்கப் போகிறது, வெயில் மட்டும் குறையவில்லை.

நீ சொன்னபடி மாமாவிடம் "தம்பிக்கு எழுதிக் கேளுங்களேன்" என்றேன். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு தலையாட்டினார். எழுதியிருப்பார். எழுதினாரா?

சிரிக்கிற விஷயம் இல்லை, முத்து. ஆள் மாறிவிட்டார். மெலிந்துகொண்டே வருகிறார். கன்னம் ஒட்டிப்போய், வாலிபத்தில் இருந்ததைவிட ஒல்லி. "சோத்துல உப்பு கம்மியாப் போடு" என்கிறார். யாருக்காக இந்த அழகு? மூன்று மாதமாகத் தறியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பக்கத்து ஆள் இடத்துக்கு மாறிக்கொண்டார். மிதித்தால் கால் வலிக்கிறதாம். இருபத்திரண்டு வருஷமாக வலிக்காத கால். நான் வேர்க்க வேர்க்க மிதிக்கிறேன், அவர் நாடாவைத் தள்ளிவிட்டு நடுநடுவே போனில் வண்டிப் படம் பார்க்கிறார். நான் எட்டிப் பார்த்தால் திருப்பிக்கொள்கிறார்.

பிள்ளை இல்லாத வீடு. ஆம்பிளை மனசு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். எனக்கு உன்னையும் அவரையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

உடனே பதில் எழுது.

இந்திராணி

* * *

தவாங் மாவட்டம்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். இங்கே மழை, மண்சரிவு, அதனால்தான் பதில் தாமதம்.

மாமாவைத் தப்பாக நினைக்காதே. நல்ல மனுஷர். வண்டி வாங்குவது நல்ல யோசனைதான் என்று எனக்கும் படுகிறது. நீயும் பழையபடி ஓட்டிப் பார்க்கலாமே. உப்பைக் குறைத்துப் போடு, எல்லாருக்கும் நல்லது.

வேலை அதிகம். மற்றவை பிறகு.

முத்து

* * *

காஞ்சிபுரம்
2 செப்டம்பர் 2024

தம்பி முத்துக்குமாருக்கு,

நீ நலமாக இருப்பாய். ஐந்து வாரம் கழித்து எட்டு வரி எழுதுகிறவனுக்கு என்ன குறை?

"நல்ல மனுஷர்" என்று நீ எனக்குச் சொல்லித் தருகிறாய். முந்தின கடிதத்தில் சிரித்தவன் இதில் சிரிக்கவில்லை. உனக்கு அவர் என்னவோ எழுதியிருக்கிறார். ஆம்பிளைக்கு ஆம்பிளை.

இருக்கட்டும். எனக்குக் கையில் ஒன்று கிடைத்திருக்கிறது. முந்தாநாள் டிசைன் போடுகிற கட்டம்போட்ட தாளைத் தேடினேன். அவர் பெட்டியில் ஒரு தாள், பின்பக்கம் அவர் கையெழுத்து. மேலே ஏதோ ஒரு வண்டி 150 கிலோ தாங்கும் என்று எழுதி, கீழே இப்படி:

இரண்டு பேர்: தறியில் 68, பக்கத்தில் 52, பெட்டி 9.
ஒருவர்: தறியில் 68, பெட்டி 9.

அவருக்கு எதுவும் தறிக் கணக்குதான். வண்டியை ஓட்டுகிறவர் தறியில் உட்கார்கிறவர், பின்னால் இருப்பவர் பக்கத்து ஆள். ஓட்டுகிற 68 அவர். பின்சீட்டில் உட்காரப் போகிற 52 யார்? நான் இல்லை, அந்த மட்டுக்கும் நிச்சயம். பஸ் ஸ்டாண்டு மிஷினில் என்னை ஏற்றினாலும் சீட்டை வாங்கிப் பார்ப்பது அவர்தான், என் எடை எனக்கே தெரியாது. ஆனால் ஐம்பத்திரண்டை நான் பார்த்தது கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

ஒரு பெண்ணின் எடையைக் கிலோ சுத்தமாகத் தெரிந்துவைத்துக்கொண்டிருக்கிறார், முத்து. என் புடவை நீளம்கூட அவருக்கு அப்படித் தெரியாது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தேன். கரை மூன்று இடத்தில் விட்டுப்போயிற்று. "இன்னாம்மா, கவனம் எங்க இருக்குது?" என்று கேட்கிறார். நான் கேட்க வேண்டிய கேள்வி.

உனக்குத் தெரிந்ததைச் சொல்.

இந்திராணி

* * *

தவாங் மாவட்டம்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ நினைக்கிற மாதிரி எந்தப் பெண்ணும் இல்லை. நம் அப்பா மேல் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தத் தாளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பாரக் கணக்குப் போடுவார்கள்.

மாமா இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 159 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். இன்னொன்று 197 கிலோ, உயரம் கொஞ்சம் கம்மி. முதல் வண்டிதான் சரி. உன் உயரத்துக்குக் கால் எட்டாது, ஆனால் சீட்டை இருபது மில்லிமீட்டர் இறக்கித் தருவார்கள், பாதம் ஊன்றிவிடலாம். ~~மாமா எழுதியபடி~~ எதற்கும் ஒரு தரம் உட்கார்ந்து பார்.

முத்து

* * *

காஞ்சிபுரம்
29 செப்டம்பர் 2024

முத்துக்குமாருக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "மாமா எழுதியபடி." என்ன எழுதினார்? அவர் ஓட்டப்போகிற வண்டிக்கு என் உயரம் எதற்கு?

வியாழக்கிழமை அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் வாலாஜாபாத் போனேன். ஆமாம், வேவு பார்க்கத்தான். கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை, பக்கத்தில் மாடிப்படி. மாமா பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். ஒல்லியான பெண். நான் பார்த்த பார்வையிலேயே சொல்வேன், ஐம்பத்திரண்டு இருப்பாள்.

மேலே ஏறிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். சாயங்காலம் அவருக்குத் தோசை வார்த்துப் போட்டேன். "உப்பு சரியா இருக்குதும்மா" என்றார். தட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

என்னோடு பிறந்தவன் நீ. அவரோடு பிறந்தவன் இல்லை. இனிமேலும் மறைத்தால் எனக்குத் தம்பி இல்லை என்று முடித்துக்கொள்கிறேன்.

இந்திராணி

* * *

தவாங் மாவட்டம்
11 அக்டோபர் 2024

அக்கா,

நீ நன்றாக இருக்கவேண்டும். அதை மட்டும் முதலில் எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இப்போது உங்கள் வீட்டுத் தறியில் உட்கார்வது யார்? பக்கத்தில் உட்கார்வது யார்?

தறியில் 68 நீதான், அக்கா. பக்கத்தில் 52 மாமா.

போன ஏப்ரலில் மிதிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. வாலாஜாபாத்துக்கு வியாழக்கிழமை வருகிற இதய டாக்டரிடம் காட்டினார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்று சொன்னார்களாம். அவருடைய அண்ணன் வீரபாகு அப்படி ஒரு ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை இல்லையா? அந்தப் பயம். "என்னை அறுக்கவுட மாட்டேன் மச்சான், திடீர்னு மூச்சு முட்டினா இந்திராணியே என்னை ஏத்திக்கினு போற மாதிரி ஒரு வண்டி பாத்துச் சொல்லு" என்று ஜூலையில் எழுதினார். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் அவரைத் திட்டி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வண்டி என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உயரம், எடை, சக்கரம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு மனுஷர் சாவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார், நான் டயர் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

முத்து

* * *

காஞ்சிபுரம்
24 அக்டோபர் 2024

முத்துவுக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். மிதிக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு மிஷினில் ஏறி நின்றேன். சீட்டில் 68 என்று வந்தது. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் கணக்கு இரண்டு பேருக்கு. இரண்டாவது கணக்கு எனக்கு மட்டும். அவர் இல்லாமல் நான் ஒத்தையாய் ஊர் சுற்றுவதற்குப் பாரம் கூட்டிப் பார்த்திருக்கிறார். விழுந்தால் நான் ஒருத்தியே தூக்குகிற எடையில் வண்டி தேடியிருக்கிறார். வேறொரு பெண் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றுகிறது. சண்டை போட்டாவது இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

உன்னை மன்னிக்கிறேனா என்று பிறகு பார்க்கலாம். முதலில் வேலை. வியாழக்கிழமை இல்லாத ஒரு நாளில் வாலாஜாபாத் போய் அந்தப் படியில் ஏறினேன். அந்த ஒல்லிப் பெண் நர்ஸ், பெயர் காயத்ரி. அவளை மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருந்தேன்! என்னைப் பார்த்ததும், "நீங்கதான் இந்திராணியா? எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசிக்கினு இருப்பாரு" என்றாள். டாக்டரிடம் போனில் பேசவைத்தாள். சென்னை போகிற வழியில் பெரிய ஆஸ்பத்திரி, நவம்பர் 23 சனிக்கிழமை படுக்கை சொல்லியாயிற்று.

மாமாவிடம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் பிடிவாதம் பிடிப்பார். நேற்று, "நானும் வரேன், வண்டியை எடுத்துரலாம்" என்றேன். இப்போது மறைக்கிறவள் நான். அவருக்காகச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினாயே, எனக்காகவும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு.

இந்திராணி

* * *

காஞ்சிபுரம்
12 நவம்பர் 2024

அன்புள்ள மச்சான் முத்துக்குமாருக்கு சபாபதி எழுதுவது. நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

வண்டி வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாலு மாதம் முறைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்த முகமாக ஷோரூமுக்கு வந்தாள். நீயும் நானும் பேசிவைத்த 159 கிலோ வண்டியைக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை. நேராக அந்தக் கனமான வண்டியில் போய் ஏறிக்கொண்டாள். "இந்திரா, இது சாஞ்சா உன்னால ஒத்தையாத் தூக்க முடியாதும்மா" என்றேன். "ஒத்தையாத் தூக்கற வண்டி எனக்கு எதுக்குங்க? நீங்க ஒரு பக்கம் பிடிக்க மாட்டீங்களா?" என்றாள். ஷோரூம்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனாத்தூர் ரோட்டில் தினம் காலையில் ஓட்டிப் பழகுகிறாள். காலேஜ் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். இரண்டு தரம் சாய்த்தாள். நானும் போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

வருகிற 23ஆம் தேதி ஏலகிரி போகலாம் என்கிறாள். உப்பையும் சொல்லாமலே குறைத்துவிட்டாள். நீ ஏதாவது சொல்லித் தொலைத்தாயா? உண்மையை எழுது.

சபாபதி

* * *

ஆஸ்பத்திரியிலிருந்து
24 நவம்பர் 2024

அன்புத் தம்பி முத்துவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம்.

நேற்று விடிந்ததும் கிளம்பினோம். மாமா ஏலகிரிக் குளிருக்கு மப்ளர் எல்லாம் கட்டிக்கொண்டார். வேலூர் போக வெள்ளை கேட் பக்கம் திரும்பாமல் நான் சென்னைப் பக்கம் பொன்னேரிக்கரைக்கு விட்டேன். "இந்திரா, வழி தப்பிட்ட" என்றார். "இல்லீங்க" என்றேன். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் என் தோள்மேல் இருந்த கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். நிறுத்து என்று சொல்லவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "மோசம் பண்ணிட்டியே" என்றார். "ஏழு மாசம் நீங்க பண்ணது இன்னா?" என்று கேட்டேன். நாங்கள் கத்தியதைப் பார்த்து வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் தெருவில் நின்று சண்டை போட்டது அதுதான் முதல் தரம்.

படுக்கையில் சேர்த்தாயிற்று. ஆனால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து அவர்தான் போடணும். போடமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நாளைக் காலைக்குள் போடாவிட்டால் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். நான் ராங்கியாக, "போடாத வரைக்கும் வண்டிச் சாவி என்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, முத்து. அவரைக் கொண்டுவந்து நானே கொன்றுவிடுவேனோ என்று பயம். வீட்டுக்குத் திரும்பி அழைத்துப்போனாலும் அதே பயம். நேற்று வழி முழுக்க வண்டியைத் திருப்பிவிடலாமா என்று நினைத்துக்கொண்டேதான் ஓட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. எனக்கே பயம் என்று தெரிந்தால் எழுந்து நடந்துவிடுவார். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இந்திராணி

மச்சான்,

உன் அக்கா காபி வாங்கப் போயிருக்கிறாள். ஒட்டாத கவரைத் தரையில் விரித்த பாயில் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். இவள் இன்னும் என்னென்ன திட்டம் போட்டிருக்கிறாளோ என்று எடுத்துப் படித்துவிட்டேன்.

இவளுக்குப் பயம் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்து ஏழு மாதம் ஓடினேன்.

நர்ஸைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. காபியோடு வருகிறாள், காரிடாரில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

சபாபதி